சேலைக் கரைக்கு முன்னால் மூன்று குஞ்சுகள்

எங்கள் வீட்டுப் புறவாசலை ஒட்டி நிற்கும் பக்கத்து வீட்டு மதில் ரோஸ் நிறம். சாதாரண ரோஸ் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கலர்ப் பொடி கூடிப்போன ரோஸ் மில்க் இருக்கிறதே, அந்த நிறம். அதைத் தேர்ந்தெடுத்த புண்ணியவானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எந்தக் குருவி வந்து உட்கார்ந்தாலும், அதன் தலைக்குப் பின்னால் அந்த மதில் வந்து இளித்துக்கொண்டு நிற்கும். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு ஓரத்தில் ரோஸ் எட்டிப்பார்க்கும்.

கடைசியில் என் பழைய சேலை ஒன்றை எடுத்துக் கொடியில் விரித்துப் போட்டேன். பாசிப் பச்சை நூல் சேலை, கடுகு மஞ்சளில் ஒரு விரல் அகலக் கரை. துவைத்துத் துவைத்துப் பச்சை வெளுத்து, சரியாக இலை நிறத்துக்கு வந்திருந்தது. குருவிக்கும் சேலைக்கும் நடுவே நாலைந்து முழம் இடம் விட்டால் போதும். துணி துணியாகத் தெரியாது, தோப்பு மாதிரி கலங்கலாகப் பச்சை மட்டும் நிற்கும். என் வீட்டுக்காரர் வாசல் நடையில் நின்று பார்த்துவிட்டு, "ஏளா, குருவிக்குச் சேலை கட்டி விடப் போறியா?" என்று கேட்டார். "ஆமா, மாப்பிள்ளை பாக்க வாராங்க" என்றேன்.

நான் ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு அம்பாசமுத்திரத்தில். மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போகும்போது அவளுடைய பழைய கேமராவை அலமாரியில் விட்டுவிட்டுப் போனாள். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தப் பைத்தியம். முதல் வருஷம் நான் எடுத்த படங்களில் குருவி உட்கார்ந்திருக்கும் இடமெல்லாம் துணிக் கொடி, தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா. குருவி அழகு, உட்கார்ந்த இடம் அசிங்கம். அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தப் பைத்தியத்தில் எனக்குக் கூட்டாளியாக வந்தவனைத் தெரிந்துகொண்டது ஒரு பாத்திரக் கடையில். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அது அவன் சொந்தக் கடை. என்னைவிடப் பத்து வயசுக்கு மேல் இளையவன், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அகலமாக, ஆழமில்லாமல் ஒரு தாம்பாளம் வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்குக்கா? மாவு பிசையவா?"

"குருவி குளிக்க."

வேறு எந்தக் கடைக்காரராக இருந்தாலும் ஒரு மாதிரி பார்த்திருப்பார். அவன் எடுத்த தாம்பாளத்தைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டான். "எவர்சில்வர் வேண்டாம்க்கா. வெயில் பட்டுப் பளீர்னு அடிக்கும், படமே போயிரும். மண்சட்டி வாங்கி வைங்க" என்றான். கல்லாவுக்கு அடியிலிருந்து ஃபோனை எடுத்து, அவன் எடுத்த மீன்கொத்திப் படத்தைக் காட்டினான். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நம்பாமல் என்ன செய்வது?

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவான். பெரிய லென்ஸ் வைத்திருந்தான், அதைத் தோளில் குழந்தை மாதிரி சாய்த்துக்கொண்டு வருவான். என் வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நாங்கள் இரண்டு பேரும் துவைகல் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, வாயைத் திறக்காமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம். சொல்லிக்கொடுக்க எங்களுக்கு யாரும் இல்லை. பத்துப் படம் கெடுத்தால் ஒரு விஷயம் தெரியும்.

குருவி உட்காருவதற்கென்று நாங்கள் கட்டி வைக்கும் கொம்புக்கு அவன் வைத்த பெயர் மணை. "அக்கா, இந்த வாரம் என்ன மணை போட்டிருக்கிய?" என்று கேட்டுக்கொண்டே வருவான். பெயின்ட் வாளியில் சிமெண்டைக் கரைத்து ஊற்றி, நடுவில் ஒரு மூங்கிலை நட்டு, அதில் கொம்பை வாழை நாரால் கட்டுவோம். நேரான கொம்பு ஆகாது. விரலைவிடத் தடித்தது ஆகாது, குருவி அதன் மேல் பொம்மை மாதிரி ஆகிவிடும். பைய மேல் நோக்கி வளைந்திருக்க வேண்டும், பட்டை கொஞ்சம் உரிந்திருந்தால் நல்லது. ஒடை, நொச்சி, காய்ந்த மாதுளை என்று எல்லாம் கட்டிப் பார்த்தோம். தண்ணீர்ச் சட்டிக்கு ஒரு முழம் மேலே மணை இருந்தால், குளிக்க வரும் குருவி முதலில் அதில் உட்கார்ந்து, பூனை கீனை இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கும். அந்த ஒரு நொடிதான் எங்களுக்கு.

எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. அவனுக்குக் குருவி படத்தின் நட்டநடுவில் வேண்டும். எனக்கு ஓரத்தில் வேண்டும், அது பார்க்கும் திசையில் வெற்றிடம் வேண்டும். "பார்வை போறதுக்கு இடம் வேண்டாமா தம்பி? செவுத்தப் பாத்து உக்காந்த மாதிரி இருக்கு" என்பேன். சிரித்துக்கொண்டே நகர்த்துவான். ஒரு தடவை ஃபோனில் தையல்சிட்டின் குரலை ஓட விட்டு, நிஜச் சிட்டை வரவழைக்கப் பார்த்தான். நான் கத்திவிட்டேன். வேறொரு சிட்டு தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது பதறும், அதன் பதற்றத்தை நாம் படம் எடுப்பதா? உடனே அணைத்துவிட்டான். "தப்புதான்க்கா, விடுங்க" என்றான். அவன் எப்படிப்பட்டவன் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது என்று எழுதினால் நான் பெரிய கெட்டிக்காரி ஆகிவிடுவேன். ஒன்றும் புரியவில்லை.

எங்கள் மணைகளிலேயே ஒஸ்தி, வெள்ளம் வடிந்த பிறகு தாமிரபரணிக் கரை மணலில் எனக்குக் கிடைத்த ஒரு கொம்பு. என்ன மரம் என்றே தெரியவில்லை. தண்ணீரில் உருண்டு உருண்டு சாம்பல் நிறத்துக்கு வந்து, ஒரு முனையில் சின்னக் கவட்டையோடு, யாரோ செய்துவைத்த மாதிரி வளைந்திருந்தது. அதை எனக்காகக் கட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

போன வருஷம் ஆனி மாதம், துவைகல்லுக்குப் பின்னால் தானாக முளைத்த மஞ்சணத்திக் கன்றில் தையல்சிட்டு கூடு கட்டியது. இரண்டு இலைகளைச் சேர்த்து, அலகால் ஓட்டை போட்டு, இலவம் பஞ்சைத் திரித்துத் தைத்திருந்தது. நான் ரவிக்கை தைக்கக் கற்றுக்கொண்டு தோற்றுப்போனவள். அந்தத் தையலைப் பார்த்து எனக்கு வெட்கமாகவே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அவனிடம் மட்டும் சொன்னேன். அந்த ஞாயிறு வந்து, எட்ட நின்று பார்த்துவிட்டு, "ஏ அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

என் ஆசை என்ன என்பதையும் அவனிடம்தான் சொன்னேன். கூட்டை விட்டு வெளியே வரும் நாளில் குஞ்சுகள் பக்கத்தில் இருக்கும் கொம்பில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும். ஆற்றுக் கொம்பைக் கூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால், அவற்றுக்கே இஷ்டமிருந்தால் அதில் வந்து உட்காரட்டும். மூன்றும் வரிசையாக, வலது ஓரத்தில் தாய் இரையோடு, இடமிருந்து காலை வெளிச்சம், பின்னால் பச்சை. "வந்தா நம்ம அதிர்ஷ்டம், வராட்டிப் போகட்டும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். கொம்பை எந்தக் கோணத்தில் வைப்பது என்று இரண்டு பேரும் கூடி முடிவு செய்தோம்.

முட்டை பொரிந்து குஞ்சுகள் கண் திறக்கிற சமயத்தில் மகளுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்பே. கிடைத்த ரயிலில் நாங்கள் இருவரும் கிளம்ப வேண்டியதாயிற்று. புறவாசல் சாவியை அவன் கையில் கொடுத்தேன். ஆனி ஆடியில் எங்கள் பக்கம் பொதிகையிலிருந்து காற்று சாரலோடு அடித்துத் தள்ளும், சட்டித் தண்ணீரில் குப்பை விழுந்து கிடக்கும். தண்ணீர் மாற்ற வேண்டும், பூனை வராமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"கூட்டுப் பக்கம் போயிராத தம்பி. தண்ணிய மாத்திட்டு வந்துரு."

"அக்கா, நீங்க இத நினைச்சுக்கிட்டே போகாதிய. பிள்ளையப் பாருங்க. இங்கன நான் பாத்துக்கிடுதேன்லா."

தினமும் காலையில் அவனிடமிருந்து செய்தி வரும். தண்ணி வச்சாச்சு, தாய் வந்துட்டுப் போகுது, குஞ்சு சத்தம் கேக்குது. மகளின் ஆஸ்பத்திரி அறையில் இருந்துகொண்டு ஒவ்வொன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். பேத்தி பிறந்து நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவன் செய்தி வந்தது: "அக்கா, மூணும் பறந்துட்டு!" கூடவே கை கூப்பும் படம், பட்டாசு வெடிக்கும் படம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவள் காதில் சொன்னேன், அவளுக்கு என்ன தெரியும். சம்பந்தியம்மாளிடம் சொன்னேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நல்ல சகுனம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் புறவாசலுக்குப் போனேன். மஞ்சணத்திக் கன்றில் கூடு கிழிந்து தொங்கியது. ஒரு இலை பாதிக்குக் கீழே இல்லை. ஃபோனில் கேட்டதற்கு, "குஞ்சு போனபொறவு சாரக்காத்துல கிழிஞ்சிருக்கும்க்கா" என்றான். நான் சரி என்றேன். வீட்டுக்காரர் குனிந்து அந்த இலையைப் பார்த்தார்.

"காத்துக்கு இலை இப்படி நேராவா கிழியும்? கத்தரிச்ச மாதிரில்லா இருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! ஊரில் ஒருத்தரையும் நம்பாத குணம், வாழ்நாள் பூரா மின்வாரியத்தில் மீட்டர் திருடர்களைப் பிடித்த புத்தி என்று என்னென்னவோ சொன்னேன். "நமக்காக அந்தத் தம்பி கடையையும் விட்டுட்டுத் தினமும் வந்திருக்கு. அவனைப் போய்ச் சொல்லுதியளே" என்றேன்.  இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மார்கழியில் வீட்டுக்காரருக்குக் கண் பரிசோதனைக்காகப் பாளையங்கோட்டை போனோம். திரும்பும் வழியில் ஒரு மண்டப வாசலில் பறவைப் படக் கண்காட்சி என்று பேனர் கட்டியிருந்தது. "நம்ம தம்பி படம் இருந்தாலும் இருக்கும், பாத்துட்டுப் போவோம்" என்று நான்தான் அவரை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நடுச் சுவரில் பெரிய படம். முதல் பரிசு என்று நீல ரிப்பன் குத்தியிருந்தது. ஆற்றுக் கொம்பில் மூன்று தையல்சிட்டுக் குஞ்சுகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வலது ஓரத்தில் தாய், அலகில் பச்சைப் புழு. இடமிருந்து வெளிச்சம். கீழே அவன் பெயர். அதற்கும் கீழே, 'வயலோரத்தில் தற்செயலாகக் கண்ட காட்சி' என்று எழுதியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்பாடா, குஞ்சுகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன, இவன் எடுத்துவிட்டு எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறான், என்னை அசத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பிறகு கிட்டப் போனேன்.

குஞ்சுகளின் சிறகில் இறகே விரியவில்லை. குழல் குழலாக, முள் முளைத்த மாதிரி இருந்தது. வால் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒன்றுக்குக் கொம்பைப் பிடிக்கத் தெரியாமல் நெஞ்சு கொம்பின் மேல் படுத்துக் கிடந்தது. அவை பறக்கிற குஞ்சுகள் இல்லை. கூட்டுக்குள் இருக்க வேண்டிய குஞ்சுகள். தைத்த இலையை வெட்டி, கையை விட்டு எடுத்து, ஒவ்வொன்றாக மணையில் உட்கார வைத்திருக்கிறான். பெற்ற தாய் என்ன செய்வாள்? பிள்ளை எங்கே கத்துகிறதோ அங்கே இரையோடு வரத்தானே செய்வாள். அவளுடைய பசப்பு இல்லாத பாசத்தை இரையாகப் போட்டு அவளையே பிடித்திருக்கிறான்.

பக்கத்தில் ஒரு அம்மாள் நின்று, தன்னோடு வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எவ்வளோ அழகு பாத்தியளா? பின்னால பாருங்க, பச்சைக்கு அடியில மஞ்சளா ஒரு கோடு. கதிர் விளைஞ்ச வயலு."

"அது வயலு இல்லம்மா. என் சேலைக் கரை" என்றேன்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். இந்த வயசில் மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். அந்த நேரத்தில் பின்னாலிருந்து "அக்கா!" என்று குரல் கேட்டது. அவன்தான். முகம் ஒரு நொடி வெளுத்தது, பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"உங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா."

"எதை? வயலுக்குப் போனதையா?"

"அக்கா, பைய பேசுங்க. ஆளுக இருக்காங்க."

"ஏலே, கூட்டை வெட்டினியா இல்லியா?"

அவனை அப்படி ஒரு 'ஏலே' போட்டு நான் கூப்பிட்டதே இல்லை. அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "ரெண்டே நிமிசம்தான்க்கா. எடுத்துட்டுத் திரும்ப உள்ளயே வச்சுட்டேன்" என்றான்.

"வச்சபொறவு?"

 ரிப்பனின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றான்.

"கேக்கேன்லா. வச்சபொறவு என்னாச்சு?"

"உள்ள நிக்க மாட்டேன்னுட்டுக்கா. வைக்க வைக்க வெளிய வந்து விழுந்துக்கிட்டே இருந்துது. கடைக்கு நேரமாச்சு. சாயந்தரம் வந்து பாத்தேன்... காக்கா."

"மூணுமா?"

தலையை மட்டும் ஆட்டினான்.

 பேத்தியின் காதில் நான் சொன்னதும், சம்பந்தியம்மாள் சகுனம் என்று கும்பிட்டதும் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. "அப்போ எனக்கு ஏன்லே பட்டாசு அனுப்பின?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"நீங்க பிள்ளை பெத்த வீட்டுல இருந்திய. அந்த நேரத்துல போயி இதைச் சொல்லி உங்க மனசை நோகடிக்கணுமா? உங்களுக்காகத்தான்க்கா சொல்லல." இன்னும் ஒன்று சொன்னான். "படத்தையும் பாருங்க. நீங்க சொன்ன மாதிரியே இருக்கா இல்லியா? வலது ஓரத்துல தாய், இடது பக்கம் வெளிச்சம், எல்லாம் நீங்க ஆசைப்பட்டதுதானே?"

அடப் பாவி. ஆமாம், இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த படம் ஒரு இம்மி பிசகாமல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் வைப்பதுதான் அவன் வழக்கம், இதில் எனக்காக ஓரத்தில் வைத்திருக்கிறான். பார்வை போக இடம் விட்டிருக்கிறான். என்னிடம் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் மனசில் வாங்கி வைத்திருக்கிறான், கூட்டுப் பக்கம் போகாதே என்று சொன்னதைத் தவிர.

"நீ வெளங்குவியாலே" என்றேன்.  வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஏறி, சேரன்மகாதேவி தாண்டினோம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே நான் சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மருந்து விட்ட கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சவத்த விடு" என்று மட்டும் சொன்னார்.

விட முடியவில்லை. அவன் செய்திமேல் செய்தி அனுப்பினான். மன்னிச்சிருங்க என்றான், பரிசைத் திருப்பிக் கொடுத்துருதேன் என்றான், கொடுக்கவில்லை. கடைத்தெருவில் என்னைத் தெரிந்த ஒருவர் சமாதானம் பேச வந்தார். "என்ன டீச்சர், ஒரு குருவிக்காக ஒரு மனுசனை வெறுக்கலாமா?" என்றார். ஒரு குருவியாம். அவருக்கு எப்படி விளங்க வைப்பது? அந்தத் தாய்க்கு என் புறவாசல் பயமில்லாத இடம் என்று தோன்றியது, அதனால் வந்து கட்டினாள். எனக்கு இவன் பயமில்லாத ஆள் என்று தோன்றியது, அதனால் சாவியைக் கொடுத்தேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன மாதம் ஒரு காலையில் துணி காயப்போடப் போனபோது, ஒரு சின்னப் பறவை அலகில் நாரோடு என்னைத் தாண்டிப் போனது. அசையாமல் நின்றேன். திரும்பவும் போனது, அதே இடத்துக்கு. பார்த்துவிட்டேன். கூடு, பாதி கட்டி முடிந்திருந்தது. உள்ளே ஓடிவந்து ஃபோனை எடுத்து, அவன் எண் வரைக்கும் போய்விட்டேன். விரலுக்கு என்ன தெரியும், பழக்கம். இந்தச் சந்தோஷம் எவ்வளவு பெரியது என்று சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இந்த ஊரில் அவன் ஒருவன்தான் இருந்தான். அதைத்தான் அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுக்களையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

என்ன பறவை, எந்தச் செடி என்று வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்த உங்களிடமும் சொல்வதாக இல்லை.